பழவேற்காடு: ஏரியின் நேரத்துக்கு ஒரு நாள்

சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கிற ஊர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி, உச்சிவெயிலில் வந்து இறங்கி, கண்கூசும் தண்ணீரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று திரும்பிப் போகிறவர்கள் ஏராளம். அந்த நேரத்துக்கு வந்தால் அப்படித்தான் தோன்றும். இங்கே நாள் விடியுமுன் தொடங்கி, காலை ஒன்பதுக்குள் பாதி முடிந்துவிடுகிறது. பிறகு ஊர் தூங்கும். நான்கு மணிக்கு மேல் மறுபடி எழும். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு வருகிறவர்களுக்காகவே இந்த அத்தியாயம்.

ஏரியைப் பற்றி முதலில் கொஞ்சம். கடலும் ஆறும் கலக்கும் உவர்நீர்க் காயல் இது. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது. வடக்கு தெற்காக சுமார் அறுபது கிலோமீட்டர் நீளம். மழைக்காலத்தில் 450 சதுர கிலோமீட்டர் வரை விரிந்து, கோடையில் 250 அளவுக்குச் சுருங்கிவிடும். ஆறில் ஐந்து பங்கு ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு மூலை மட்டும் திருவள்ளூர் மாவட்டம். வடக்கே சுவர்ணமுகியும் காளங்கியும், தெற்கே ஆரணி ஆறும் வந்து சேர்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா என்ற நீண்ட மணல் தீவு கடலைத் தடுத்து நிற்கிறது. இத்தனை பெரிய ஏரிக்குச் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். நடு ஏரியில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

வந்து சேர

காரில் வருவோர் செங்குன்றம் வழியாக நெடுஞ்சாலையில் வந்து தச்சூர் கூட்டு ரோட்டில் பொன்னேரிக்குத் திரும்ப வேண்டும். ரயிலில் வருவோர் சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உண்டு. விடியற்காலை முதல் வண்டியைப் பிடித்தால் ஏலத்தின் கடைசிப் பகுதியையாவது பார்க்கலாம். வழியில் திருப்பாலைவனம் சிவன் கோயிலைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் அங்கே நின்றால் மீன் போய்விடும்.

கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல பருவம். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் ஊர்ப் பக்கமே வராதீர்கள். காணும் பொங்கலன்றும் வர வேண்டாம். அன்று கூட்டத்தை மட்டும்தான் பார்க்க முடியும்.

காலை: ஏலக்கரை

படகுகள் கரை ஒதுங்கும் இடம் பாலத்துக்கு அருகில். விளக்கு வெளிச்சத்திலேயே வேலை தொடங்கிவிடும். ஃபைபர் படகுகளிலிருந்து கூடைகள் இறங்கும். கடல் மீன் ஒரு பக்கம், ஏரி மீன் ஒரு பக்கம். கூட்டத்தில் முன்னால் நின்று குரல் கொடுப்பவர்களில் பெண்கள் அதிகம். விலை ஏறுவது ஒரு தலையசைப்பில், ஒரு விரல் அசைவில் நடக்கும். புதிதாக வந்தவருக்கு யார் வாங்கினார்கள், எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்பதே பிடிபடாது. ஓரமாக நின்று பாருங்கள். நடுவில் புகுந்து செல்பி எடுப்பவரை யாரும் அடிக்க மாட்டார்கள், ஆனால் ஈரக் கூடை ஒன்று முதுகில் இடிக்கும்.

மடவை, கிழங்கான், கொடுவா, கெளுத்தி, பால்கெண்டை எல்லாம் ஏரியில் கிடைப்பவை. இறாலில் வெள்ளை இறால்தான் இந்த ஏரியின் பேர் சொல்லும் சரக்கு. ஆனாலும் பழவேற்காட்டுக்கு வெளிநாடு வரை பெயர் வாங்கிக் கொடுத்தது நண்டு. சேற்றில் வளை தோண்டி வாழும் பச்சை நண்டு உயிரோடு பெட்டியில் அடைபட்டுச் சிங்கப்பூர் வரை போகிறது. அதைக் கட்டுகிற விதத்தை நின்று பாருங்கள். நண்டின் முதுகைக் காலால் மெல்ல அழுத்தி, கொடுக்கு இரண்டையும் உடம்போடு மடக்கி, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி ஒரு முடிச்சு. கண் இமைக்கும் நேரம்தான். அந்தக் கொடுக்கில் விரல் அகப்பட்டால் எலும்பு தப்பாது என்பது கட்டுகிறவருக்குத் தெரியும். ஆனாலும் பேச்சு நிற்காது.

வாங்குவதானால் ஒரு விஷயம். பெரிய நண்டு என்பதற்காக எடுக்காதீர்கள். புதிதாகத் தோடு கழற்றிய நண்டு பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே தண்ணீர்தான். அடிப்பக்கத்து ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் வைத்துவிடுங்கள். பேரம் பேசத் தயங்க வேண்டாம்.

"என்னக்கா, கிலோ இவ்வளவு சொல்றீங்க?"

"மெட்ராஸ்ல போயி இதே நண்டை ஓட்டல்ல துன்னுட்டு வந்து சொல்லு தம்பி, அப்ப இது வெலையா இல்லையான்னு."

இதற்கு மேல் பேசிப் பயனில்லை, பணத்தைக் கொடுத்துவிடலாம்.

பாடு

ஏரி எல்லாருக்கும் பொது என்று கரையில் நிற்பவருக்குத் தோன்றும். தண்ணீருக்குள் இறங்கினால் கணக்கு வேறு. முகத்துவாரத்துக்கு அருகே இறால் கடலுக்குத் திரும்பும் வழியில் எங்கே, எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதற்கு நெடுங்கால முறை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய மூன்று பட்டினவர் குப்பங்களுக்கு இந்த உரிமை. நல்ல மடையும் சுமாரான மடையும் ஒரே ஆளுக்கே போய்விடாதபடி சீட்டுக் குலுக்கி முறை பிரித்துக்கொள்வார்கள். அரசாங்கச் சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்த ஒழுங்கை உலகெங்கும் மீன்வள ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அதே சமயம், பாட்டுக்கு வெளியே நிற்கும் மற்றக் குப்பங்களுக்கும் மற்றச் சாதியாருக்கும் இதில் மனத்தாங்கல் உண்டு; சண்டையும் வந்திருக்கிறது. கரையில் யாரிடமாவது பாடு பற்றிக் கேட்டால் இரண்டு விதமான பதிலும் கிடைக்கும். இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓரத்துத் தண்ணீரில் இருளர் பெண்கள் வலையே இல்லாமல் இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். கழுத்தளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். கையில் சிக்கியது அதற்குள் போகும். மணிக்கணக்கில் இதே வேலை. பறி வாயில் இருப்பதால் நீங்கள் கேட்கும் எதற்கும் அவர்களால் பதில் சொல்ல முடியாது. கேமராவை மடக்கி வையுங்கள். கரையேறிய பிறகு கேட்டு, சம்மதித்தால் எடுக்கலாம்.

எல்லாமே முகத்துவாரம் திறந்திருப்பதைப் பொறுத்தது. கோடையில் மணல் மேடிட்டு வாய் அடைந்துவிடும். கடல்நீர் உள்ளே வராது, ஏரி வற்றி உப்பேறும், இறால் குஞ்சு வர வழியில்லை, படகு கடலுக்குப் போகவும் வழியில்லை. ஐப்பசி மழையில் ஆற்று வெள்ளம் மறுபடி அதை உடைக்கும். நிரந்தரமாகத் திறந்து வைக்கக் கருங்கல் சுவர் கட்ட வேண்டும் என்பது இந்தக் குப்பங்களின் நெடுநாள் கோரிக்கை; அரசும் அந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்துக்கு இதே குப்பங்கள் பல ஆண்டுகளாக எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றன. கடலரிப்பு கூடி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல்திட்டு கரைந்துபோகும் என்பது அவர்கள் அச்சம். டீக்கடையில் பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து முடியும்.

டச்சுக்காரர் விட்டுப்போனது

கோட்டையைத் தேடி அலையாதீர்கள். புதர் மண்டிய மேடும் அகழியின் தடமும்தான் மிச்சம். ஆனால் அந்த மேட்டின் கதை பெரிது. 1612-ல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் டச்சுக்காரரின் பண்டகசாலையை அழித்தார்கள். மறு ஆண்டே டச்சுக் கம்பெனி கோட்டை எழுப்பி அதற்கு கெல்டிரியா என்று பெயர் வைத்தது. சோழமண்டலக் கரை முழுவதிலும் டச்சு வாணிபத்துக்கு 1690 வரை இதுவே தலைமையிடம், பிறகுதான் நாகப்பட்டினம். இங்கிருந்து போன கட்டம் போட்ட துணி தென்கிழக்காசியா முழுக்க விலைபோயிற்று. மலேசியாவில் இன்றும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு இந்த ஊர்ப் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. இங்கே வெடிமருந்து ஆலையும் நடந்தது. பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கான ஏழைகள் அடிமைகளாக இதே கரையில் கப்பலேற்றப்பட்டு பதாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டார்கள். சுற்றுலா விளம்பரங்கள் துணியைச் சொல்லும், இதைச் சொல்லாது.

ஆங்கிலேயரும் டச்சுக்காரரோடு ஒட்டிக்கொண்டு இங்கே வியாபாரம் செய்து பார்த்தார்கள். கட்டுப்படியாகவில்லை. ஏரிக்கு வடக்கே ஆர்மகான் என்ற இடத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1639-ல் தெற்கே ஒரு மணல்மேட்டைப் பிடித்தார்கள். அதுதான் சென்னை. அந்த வகையில் சென்னைக்காரர்கள் இந்த ஊருக்கு ஒரு நன்றிக்கடன் பட்டிருக்கிறார்கள்.

பார்க்க வேண்டியது கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசல் வளைவின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. குழந்தைகளோடு வருவோர் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. பெரும்பாலும் குழந்தைகள் பயப்படுவதில்லை, விட்டு நகர மறுப்பார்கள், அவ்வளவுதான். உள்ளே கூம்பு வடிவிலும் மண்டப வடிவிலும் சமாதிகள், தரையில் பதித்த கருங்கற் பலகைகள். அவற்றின் எழுத்துகள் முந்நூற்றைம்பது ஆண்டு கழித்தும் நகத்தால் தொட்டால் விளிம்பு தெரியும் அளவுக்குக் கூர்மையாக இருக்கின்றன. மொழி தெரியாவிட்டாலும் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் படிக்கலாம். கழித்துப் பாருங்கள், இள வயதில் போனவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். காலை ஒன்பதுக்குள்ளோ மாலை நான்குக்கு மேலோ போனால் சாய்ந்த வெயிலில் செதுக்கு வேலை எடுப்பாகத் தெரியும்.

இந்த ஊரில் 1632 முதல் பத்து ஆண்டுகள் மத குருவாக இருந்தவர் ஆபிரகாம் ரோஜர். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயத்தைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்த பின் 1651-ல் ஹாலந்தில் அச்சாயிற்று. பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக அச்சேறியது அதில்தான். சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய துறை பழவேற்காடு! இதைச் சொல்லும் ஒரு பலகைகூட ஊரில் எங்கும் என் கண்ணில் படவில்லை.

கல்லறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மற்றவை எல்லாம். ஆதிநாராயணப் பெருமாள் கோயில் விஜயநகரக் காலத்தது. செம்புறைக்கல்லில் கட்டியது, கடற்காற்றில் அரித்த கல்லின் அழகே தனி. கூரை விளிம்பை ஒட்டிச் சாண் உயரம்கூட இல்லாத சிற்பங்களாக இராமாயணக் காட்சிகள் ஓடுகின்றன. அண்ணாந்து பார்க்காதவருக்கு அவை இல்லை. பக்கத்தில் சமயேஸ்வரர் கோயில். முஸ்லிம் தெருக்களில் பழைய பள்ளிவாசல்களும், ஒன்றில் தொழுகை நேரம் பார்க்க வைத்த சூரியக் கடிகாரமும் உண்டு, "பாய், உள்ளே வந்து பார்க்கலாமா?" என்று கேட்டால் காட்டுவார்கள். மகிமை மாதா கோயில் 1515-ல் போர்த்துகீசியர் எழுப்பியதாகச் சொல்லப்படுவது. இப்போது நிற்பது புதுக் கட்டடம், பழமையை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

பாலத்துக்கு அப்பால்

பாலம் கடந்தால் லைட் ஹவுஸ் குப்பம், அதைத் தாண்டிக் கடல். மணல் நீளமாக, ஆளரவம் குறைவாக இருக்கும். நடக்கலாம், உட்காரலாம், குளிக்க மட்டும் இறங்காதீர்கள். முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டம் காலை வாரிவிடும். பார்க்கச் சாதுவான தண்ணீர் என்று இறங்கியவர்களை இழந்த குடும்பங்கள் உண்டு. மணலில் விரித்துக் காயும் வலையைச் சுற்றிப் போங்கள். ஒரு செருப்புக் கிழிசலைத் தைக்க ஒரு மத்தியானம் ஆகும்.

படகுச் சவாரி பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2011 டிசம்பர் 25 அன்று கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. கரையில் "வாங்க சார், ஒரு ரவுண்டு" என்று யாராவது கூப்பிட்டால், அன்றைய நிலையில் அனுமதி உண்டா என்று காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் ஆளுக்கொரு உயிர்காப்பு உடை இல்லாத படகில் கால் வைக்க வேண்டாம். ஆழம் ஒரு மீட்டர்தானே என்று நினைப்பது தவறு. முகத்துவாரக் கால்வாயில் ஆழமும் இழுப்பும் வேறு.

பறவைக்காகவும் ராக்கெட்டுக்காகவும்

பூநாரை பார்க்க வேண்டும் என்று பழவேற்காட்டு ஊருக்குள் வந்து நிற்பவர்களுக்கு ஏமாற்றம்தான். அவை அதிகமாக மேய்வது வடக்கே, கணுக்கால் அளவு நீர் தேங்கும் ஆந்திரப் பகுதியில். தமிழ்நாட்டுக்குள் பார்க்க அண்ணாமலைச்சேரி, சுண்ணாம்புக்குளம் பக்கம் போகலாம், தொலைநோக்கி அவசியம். ஆசை தீரப் பார்க்க வேண்டுமானால் இன்னொரு நாள் ஒதுக்கிச் சூலூர்ப்பேட்டைக்கு ரயிலேறுங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியின் குறுக்கே தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிறது. இரு பக்கமும் பறவைகள். நெடுஞ்சாலையில் மேலும் வடக்கே இருபது கிலோமீட்டர் போனால் நேலப்பட்டு. குளத்துக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடா கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதைக் காவல் கோபுரத்திலிருந்து பார்க்கலாம். சூலூர்ப்பேட்டையில் ஆண்டுதோறும் பூநாரைத் திருவிழாவும் நடக்கும். திருவிழாவின் ஒலிபெருக்கியையும் பறவையையும் ஒரே நாளில் ரசிக்க முடியாது என்பதால், திருவிழாவுக்கு முந்தைய வாரத்தையே பரிந்துரைப்பேன்.

ஏவுதளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டா 1969-ல் தேர்ந்தெடுக்கப்பட்டது. தீவிலிருந்த மீனவக் குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டு, சிலர் தெற்கே இந்தக் கரைக்கு வந்தார்கள். இப்போது அங்கிருக்கும் பார்வையாளர் மாடத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டால் ராக்கெட் ஏவுவதை நேரில் பார்க்கலாம். இடம் கிடைக்காவிட்டால் லைட் ஹவுஸ் குப்பத்துக் கடற்கரை போதும். ஏவுதளம் அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். நெருப்பு மேலே கிளம்பிக் கண்ணுக்கு எட்டிய பிறகும் சத்தம் இருக்காது; சுமார் ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் உறுமல் வந்து சேரும். அதற்குள் "அவ்வளவுதானா" என்று வண்டியைக் கிளப்பிவிடாதீர்கள். ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கட்டுப்பாடு இருப்பதால் மறுநாள் காலை மீன் வரத்து குறையும். ராக்கெட்டும் நண்டும் ஒரே பயணத்தில் வேண்டும் என்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

சாப்பாடு, தங்கல், வாங்குவது

பெரிய ஓட்டல் எதுவும் இல்லை. பஜாரில் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. மத்தியானம் மீன் குழம்பும் இறால் தொக்கும் கிடைக்கும். இரண்டு மணிக்கு மேல் குழம்பு மட்டும்தான் இருக்கும், மீன் இருக்காது. காலையிலேயே கடைக்காரரிடம் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டால் நீங்கள் வாங்கிய நண்டையே சமைத்துத் தரும் இடமும் அகப்படும். தங்க நினைப்போர் சென்னையிலோ, ஆந்திரப் பக்கம் போவதானால் சூலூர்ப்பேட்டை லாட்ஜிலோ தங்குவதே சௌகரியம். ஏ.டி.எம்மை நம்பாமல் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீரும் தொப்பியும் வீட்டிலிருந்தே வரட்டும்.

முஸ்லிம் பெண்கள் வீட்டுத் திண்ணையில் முடையும் பனையோலைப் பெட்டிகள் வாங்கத்தக்கவை. சாயம் தோய்த்த ஓலையை வெள்ளை ஓலையோடு ஊடுகொடுத்து மூடியோடு சேர்த்து முடைவார்கள். நல்ல பெட்டியில் மூடியைப் போட்டால் இழுத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். வாங்கும்போது அதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். இங்கே பேரம் வேண்டாம். ஒரு பெட்டிக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்டுப் பார்த்தால் பேரம் பேச மனம் வராது.

நண்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்புவோருக்கு: பிளாஸ்டிக் பையில் கட்டினால் மூச்சுமுட்டிச் செத்துவிடும், செத்த நண்டு சமையலுக்கு ஆகாது. சாக்கை நனைத்துச் சுற்றி, கூடையில் வைத்து, வழியில் இரண்டு முறை தண்ணீர் தெளியுங்கள். கயிற்று முடிச்சை வீட்டுக்குப் போகும்வரை அவிழ்க்காதீர்கள். உட்காரும்போது கூடையைப் பக்கத்து ஆளின் காலடியில் வைக்காமல் உங்கள் காலடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.